ஆய்வேட்டுக்கு ஒரு தூண் போதும்

மாசி பிறந்துவிட்டால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் கல்லூரிகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளுக்கு ஓய்வே இருக்காது. பென் டிரைவும் கையுமாக இறுதியாண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போகும் கட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். 'வேலூர் மாவட்டக் கோயில்கள்: ஓர் ஆய்வு' என்று தலைப்பு இருக்கும். முதல் இயலில் மாவட்டத்தின் மழையளவு, இரண்டாவதில் பல்லவர் முதல் நாயக்கர் வரை அரச வம்சங்கள், மூன்றாவதில் தல புராணம், கடைசியில் செல்போனில் எடுத்த நான்கு படங்கள். போன வருடத்து அண்ணன் கொடுத்த கோப்பில் பெயரும் பதிவெண்ணும் மட்டும் மாறியிருக்கும். எந்தக் கோயிலுக்கும் போகாமலேயே கோயில் பற்றி எழுபது பக்கம் எழுதிவிட முடிகிறது.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாவட்டத்துக் கோயில்களையெல்லாம் ஒரு பருவத்துக்குள் ஆராய்ந்து முடிக்க யாராலும் ஆகாது. செய்யவே முடியாத வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் செய்ததுபோலக் காட்டத்தான் பழகுவார்கள். தலைப்பைக் கொடுத்த அன்றே நகலெடுக்கும் வழியையும் நாம் திறந்துவிட்டுவிடுகிறோம்.

நான் கேட்பது இதுதான். இளங்கலை வரலாற்று மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வேட்டைக் கலை வரலாற்றில் எழுத வையுங்கள். ஒரு மாணவருக்கு ஒரே ஒரு பொருள். அது ஒரு தூணாக இருக்கலாம், ஒரு நடுகல்லாக, ஒரு கல்லறையாக, ஒரு மசூதி வாசலாக இருக்கலாம். டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறேழு முறையாவது போய் வர முடிய வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

கலை வரலாறுதான் வேண்டும் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. அரசியல் வரலாற்றில் முதல்நிலைச் சான்றைத் தொட வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அனுமதிக் கடிதம், சென்னையில் தங்க ஒரு இடம், பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் எல்லாம் வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு இவற்றில் எது எளிது? கலை வரலாற்றின் முதல்நிலைச் சான்றோ வேலூர்க் கோட்டைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

கலை வரலாற்றை ஒரு பட்டப் படிப்பாகக் கற்பிக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. பரோடாவின் நுண்கலைப் புலம் அதற்குப் பெயர்பெற்றது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறை 1947 முதல் நடக்கிறது. பாலாற்றுக் கரை மாணவருக்குக் கிடைப்பது வரலாற்றுப் பட்டத்துக்குள் வரும் கலை, கட்டடக்கலைத் தாள்தான். அதிலும் பல்லவர் பாணியின் கூறுகள் ஐந்து, சோழர் பாணியின் கூறுகள் ஐந்து என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கூறுகளில் ஒன்றைக்கூடக் கல்லில் காட்டு என்று யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். கோபுரத்தைத் தாண்டியதும் இடப்புறம் கல்யாண மண்டபம். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் வீரர்கள் என ஒவ்வொரு தூணும் ஒரே கல்லில் எழுந்து நிற்கிறது. உள்ளே போய் அண்ணாந்தால் விதானத்தில் விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் இந்த மண்டபத் தூணின் படத்தைச் சேர்த்தார். உலகமே பார்த்த தூண்தான். ஆனால் கோட்டைக்கு வரும் நம் மாணவர்கள் அதன் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்தத் தூணின் உச்சியில், உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். பாண்டிச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ராய் 1914இல் தென்னிந்தியக் கட்டடக்கலை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கு எப்படிக் காலம் கணிப்பது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைகளுள் ஒன்று இந்தப் போதிகை. பல்லவர் காலத்தில் அது அலையலையாக மடிந்த சுருள். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனை நீட்டியிருக்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அந்த முனை வளைந்து இறங்கிப் பூமொட்டாகிவிடுகிறது. போதிகை, கூடு, கும்பம் என்று உறுப்புகளின் பெயர்களை அவர் திருப்பணி செய்துகொண்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர் ஊராகப் போய் ஒரே உறுப்பை மறுபடியும் மறுபடியும் பார்த்ததால் வந்த முடிவு அது. பத்தொன்பது வயதுப் பிள்ளையும் இதைச் செய்யலாம். விரிஞ்சிபுரம், திருவல்லம், மேல்பாடி மூன்றும் பக்கத்தில்தான் இருக்கின்றன. மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. அங்கே சோழப் போதிகையைப் பார்த்துவிட்டு விரிஞ்சிபுரத்து மண்டபங்களுக்கு வந்தால், முனை பூவாக மாறியதைக் கண்ணே சொல்லிவிடும். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று ஊரில் சொல்வார்கள். மதிலோடு நின்றுவிடாமல் உள்ளே போய்த் தூண்களையும் பார்த்துவிட்டு வரட்டும்.

பார்ப்பது என்று சொல்கிறேனே, அதற்குப் பயிற்சி வேண்டும். ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ஆய்வுக் கட்டுரை எழுதப்போகும் மாணவரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: தேர்ந்தெடுத்த படைப்பின் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அவரே கோப்ளியின் ஓர் ஓவியத்தைப் பார்த்தபோது, சிறுவனின் காதின் வடிவமும் அவன் வளர்க்கும் அணிலின் வயிற்று ரோம விளிம்பும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்க ஒன்பது நிமிடம் ஆனதாம். நம் ஆய்வேடுகளில் அந்த ஒன்பது நிமிடம்கூட இல்லை. நூலகத்துக்குப் போகும் முன், கூகுளில் தேடும் முன், ஒரு காலைப் பொழுது முழுக்கத் தூணின் முன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் எழுத வேண்டும். வரையத் தெரியவில்லை என்றாலும் வரைய வேண்டும். கோணலாக வரும், வரட்டும். கை வரையும்போதுதான் எதைக் கண் விட்டுவிட்டது என்று தெரியும்.

இப்படிக் கல்யாண மண்டபத்துக்கு நான் கூட்டிப்போன மாணவிகளில் ஒருத்தி வெகுநேரம் ஒரு குதிரையின் வயிற்றுப் பக்கமே நின்றாள். என்னம்மா என்றேன். "சார், இந்த வாரு எங்க போயி முடியுது? ஒரே துண்டா, ரெண்டு துண்டு வச்சு தைச்சதா?" என்று கேட்டாள். அவள் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறார். எத்தனையோ முறை நான் பார்த்த தூண். சேணத்தைத் தோல் பொருளாக நான் யோசித்ததே இல்லை. அந்தக் கேள்வி ஒன்றே ஓர் ஆய்வேடு. தூண்களில் எத்தனை குதிரை, அவற்றில் எத்தனைக்குச் சேணம் காட்டப்பட்டிருக்கிறது? கடிவாள வார் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது? அங்கவடி உண்டா? வீரன் காலில் செருப்பு உண்டா? கண்ணப்பர் சிற்பங்களில் செருப்பு வருகிறதே, அதன் வார் எந்த விரலுக்கு நடுவில் போகிறது? விஜயநகரப் படைக்குக் குதிரைகள் அரபு நாடுகளிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கடல் வழியே வந்தன. குதிரை கப்பலில் வந்தது சரி, சேணத்தை இங்கே யார் தைத்தார்கள்? நாயக்கர் காலத்துச் சக்கிலியர், தோல் வினைஞர் பற்றிக் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய நூலகம் வேண்டாம். தோலைத் தொட்டு வளர்ந்த கண் வேண்டும். அது தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது.

பார்த்ததற்கு அடுத்து, சொல்லப்படுவது. இந்தக் கல்யாண மண்டபத்தின் அழகில் மயங்கிய ஆங்கிலேயர்கள் அதைக் கல் கல்லாகப் பிரித்து இங்கிலாந்து இளவரசருக்குப் பரிசாக அனுப்பத் திட்டமிட்டார்கள் என்றும், ஏற்றிப் போக வேண்டிய கப்பல் வழியிலேயே மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதை உண்டு. வழிகாட்டிகள் சொல்கிறார்கள், புத்தகங்களிலும் வருகிறது. நம் ஆய்வேடுகளில் இது அப்படியே உண்மையாக ஏறிவிடுகிறது. ஆய்வு மாணவர் செய்ய வேண்டியது, இதை முதலில் அச்சில் எழுதியவர் யார் என்று பின்னோக்கிப் போவது. 1881இல் வந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து தொடங்கலாம்; அதற்கு முன் எழுதியவர்களைத் தேடலாம். கப்பலின் பெயர் எங்காவது இருக்கிறதா? எந்த ஆண்டு? விடை கிடைக்காமல் போனாலும், எந்தெந்த நூலில் தேடினேன், எங்கே சுவடு நின்றுபோனது என்று நேர்மையாக எழுதிய நான்கு பக்கம், தல புராணத்தை நகலெடுத்த நாற்பது பக்கத்தைவிட மேல்.

மூன்றாவது, எழுதப்பட்டது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்த, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அதில் அரப்பாக்கம் முதலிய வேலூர்ச் சுற்றுவட்டார ஊர்களின் கற்களில் உள்ள சாசனங்கள் இருக்கின்றன. விஜயநகர மன்னர் சதாசிவர் காலத்தில், சக ஆண்டு 1488இல், அதாவது 1566ஐ ஒட்டி, வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கர் தொடர்பில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கொடுத்த கொடைகளை அவை சொல்கின்றன. உடனே 'மண்டபம் கட்டிய ஆண்டு 1566' என்று எழுதிவிடுகிறார்கள். கோயில் அந்த ஆண்டில் இருந்தது என்றுதான் கல் சொல்கிறது. மண்டபத்தை அப்போது கட்டினார்கள் என்று சொல்லவில்லை. கல்வெட்டு தரும் காலம் ஒன்று, போதிகை தரும் காலம் ஒன்று; இரண்டையும் எதிரெதிரே வைத்து யோசிக்கிற இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

இந்தக் கோயிலுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அதுவும் கலை வரலாறுதான். நூற்றாண்டுக் கணக்கில் இங்கே வழிபாடு இல்லை. ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. சத்துவாச்சாரியில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981 மார்ச் 16 அன்றுதான் திரும்ப வந்தது. கருவறை காலியாக இருந்த காலத்தில் மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? இன்று தொல்லியல் துறையின் நினைவுச் சின்னமாகவும் வழிபடும் கோயிலாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இடத்தில் சிற்பத்துக்கு என்ன நேர்கிறது? எண்ணெய், விபூதி, விளக்குப் புகை, வேலித் தடுப்பு எல்லாவற்றையும் ஒரு மாணவர் பதிவு செய்யலாம். 1981ஐ நேரில் கண்ட பெரியவர்கள் வேலூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் கடந்துகொண்டே இருக்கிறது.

அவசரம் என்று சொன்னால் அது ஆர்மாமலைக்குத்தான் இன்னும் பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் மலையம்பட்டை ஒட்டிய மலையில் இயற்கைக் குகை ஒன்று இருக்கிறது. அதற்குள் மண் செங்கல் சுவர் எழுப்பிச் சமணர்கள் தங்கினார்கள். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் ஓவியங்கள் அங்கே உள்ளன: கொடிகள், தாமரைகள், அன்னங்கள், ஆட்டுக்கடாவின் மேல் அமர்ந்த அக்கினி. சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியவை. சித்தன்னவாசலைத் தெரிந்த நம் மாணவர்களில் பலருக்கு ஆர்மாமலை என்ற பெயரே தெரியாது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்தான். ஆனாலும் இத்தனை நூற்றாண்டு மழைக்கசிவையும் புகையையும் பெயர் கிறுக்கிய கைகளையும் தாங்கிய சுண்ணப் பூச்சு பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது திட்டுத் திட்டான நிறம்.

அங்கே இளங்கலை மாணவர் என்ன செய்ய முடியும்? சுவரைத் தொடாமல், ஈரத் துணியால் துடைக்காமல், அளவுகோல் வைத்துப் படம் எடுக்கலாம். பகல் வெளிச்சம் எந்த மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று குறிக்கலாம். எடுத்த படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, கண்ணுக்குத் தெரியும் கோட்டை மட்டும் வரையலாம். ஊகித்ததைப் புள்ளிக்கோடாகப் போடலாம். பழைய நூல்களில் அச்சான படங்களோடு ஒப்பிட்டு, அன்று இருந்து இன்று இல்லாதது எது என்று பட்டியலிடலாம். தேதி போட்ட அந்த ஒரு கோட்டோவியம், இருபது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு வேறு எங்கும் கிடைக்காத சான்றாகிவிடக்கூடும். இளங்கலை ஆய்வேட்டால் உலகுக்குப் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கோயிலும் குகையும் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலூரில் சிறை வைக்கப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை பாலாற்றங்கரையில் இருக்கிறது. திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள் கோட்டைக்கு அருகில்தான். கோட்டைக்குள் 1846இல் கட்டிய தேவாலயம், அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்கள், ஆம்பூர் நடுகற்கள். வாணியம்பாடித் தெருக்களில் தோல் வணிகர்கள் கட்டிய பழைய வீடுகளின் வாசல் வளைவு, மரத் தூண், நிறக் கண்ணாடி. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்து டேனரிகளின் சுண்ணாம்புத் தொட்டிகள், காற்றோட்டத்துக்காக மரச்சட்டம் அடித்த காயவைக்கும் கொட்டகைகள். டேனரிக் கழிவு பற்றிய பாலாறு மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு தொழிலின் முகமே மாறியது. பழைய கொட்டகைகளை அளந்து வரைந்து வைக்க வேண்டிய நேரமும் இதுதான். தொழிலும் கலையும் வெவ்வேறு உலகம் என்று நினைப்பவர்கள், 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அதைப் பொறுப்பேற்று நடத்திய ஆல்ஃபிரட் சாட்டர்டன்தான் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தியவரும் அவரே.

இதையெல்லாம் எழுதினால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், சுற்றுலா என்று சில வாசல்கள் உண்டு. அவை எல்லோருக்கும் போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நகலெடுத்த ஆய்வேடு எந்த வாசலையும் திறப்பதில்லை. ஒரு பொருளைக் கூர்ந்து பார்த்து, பார்த்ததையும் கேட்டதையும் படித்ததையும் பிரித்து, ஐம்பது பக்கம் தன் சொல்லில் எழுதிய பெண், போட்டித் தேர்விலும் அலுவலகத்திலும் நிச்சயம் முன்னே நிற்பாள். இதே வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்துவிட்டுப் போய்ப் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், முதுகலைப் பட்டத்துக்காக இருபது வயதில் எழுதிய ஆய்வேடு 1908இல் நூலாகவே அச்சேறியது. மாணவர் எழுத்து என்பதால் யாரும் அதை ஒதுக்கவில்லை.

ஆய்வேடு தமிழில் இருக்கட்டும். தமிழ் வழியில் படிக்கும் மாணவர்கூட இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலத்தைச் செயலியில் போட்டுத் திருப்பித் தருவதைப் பார்க்கிறேன். அதிட்டானம், குமுதம், பட்டிகை, போதிகை, கபோதம் என்று அடியிலிருந்து முடிவரை ஒவ்வோர் உறுப்புக்கும் சிற்பிகளிடம் சொல் இருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' நூலை 1956இலேயே எழுதிவிட்டார். கேட்ட நொடியில் பத்துப் பக்கம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பிறகு, பொதுவான தலைப்பில் ஆய்வேடு கேட்பது வீண் வேலை. தெற்கு வரிசையில் மூன்றாவது தூணின் குதிரைக்கு இடது அங்கவடி உடைந்திருக்கிறதா என்று கேளுங்கள். போய்ப் பார்த்தவருக்கு மட்டுமே விடை தெரியும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஐந்தாம் பருவத்திலேயே பொருளைத் தேர்வு செய்ய விடுங்கள். ஆறாம் பருவத்தில் தலைப்பைத் திணிக்காதீர்கள். பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, களக் குறிப்பேட்டுக்கும் கையால் வரைந்த படத்துக்கும் மதிப்பெண் போடுங்கள். வாய்மொழித் தேர்வை வகுப்பறையில் வைக்காமல் அந்தத் தூணின் முன்னாலேயே வையுங்கள். வழிகாட்டும் ஆசிரியருக்குப் பத்து மாணவருக்கு மேல் கொடுக்க வேண்டாம். முப்பது பேரைக் கொடுத்துவிட்டு நகலெடுக்கிறார்கள் என்று புலம்ப யாருக்கும் உரிமையில்லை. தொல்லியல் துறை அலுவலகங்களுக்குக் கல்லூரியே மொத்தமாக எழுதி, படமெடுக்கவும் அளக்கவும் அனுமதி வாங்கித் தரட்டும். தனி மாணவராக ஒரு பெண் குகைக்குப் போக வேண்டாம். நான்கு பேராகப் போகட்டும், பேருந்துச் செலவைத் துறை ஏற்கட்டும்.

எழுதி முடித்த ஆய்வேடு இப்போது மதிப்பெண் போட்டதும் துறை அலமாரியின் அடித்தட்டுக்குப் போகிறது. சில ஆண்டில் எடைக்குப் போய்விடுகிறது. மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. மூன்று மாவட்டக் கல்லூரிகளும் தேறிய ஆய்வேடுகளில் ஒரு பிரதியை அங்கே ஒப்படைக்க வேண்டும். ஊர், பொருள், தேதி குறித்துப் பட்டியல் போட்டு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் அதே தூணுக்குப் போகும் பெண், முந்தைய வருடத்து அக்கா வரைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.